அலசாக் கழுவல் நூல்: மூலமும் உரையும்

பாயிரம்

பாயிரத்தில் எட்டுச் செய்திகள் சொல்ல வேண்டும் என்பது நன்னூல் வகுத்த வழி. சொல்லிவிடுவோம். ஆக்கியோன் பெயர்: அடக்கம் கருதி விடுத்தோம். வழி: இத்துறையில் முதல்நூல் எதுவும் கிடைக்காமையால் போத்தலின் முதுகில் ஒட்டிய லேபலே முதல்நூல். எல்லை: வடக்கே புல்மோட்டை, தெற்கே வெருகல், மேற்கே கந்தளாய், கிழக்கே அலை தெறிக்கும் இடம் வரை. நூற்பெயர்: மேலே காண்க. யாப்பு: வாய்த்த இடத்தில் ஆசிரியப்பா. நுதலிய பொருள்: காரைக் கழுவி, கழுவியதை அலசாமல் விடுவதற்கென விற்கும் திரவங்களுள் எதைத் தேர்வது என்பது. கேட்போர்: கார் வைத்திருப்போர், வைத்திருந்து விற்றோர், வாங்கப்போவதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவோர். பயன்: இறுதியில் வரும்.

காலம், களம், காரணம் என மூன்றைக் கூட்டிச் சொல்வாரும் உளர். காலம்: 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது, தனியார் கார்களுக்கு அந்தக் கதவு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில், நாட்டுக்குள் ஏற்கனவே இருந்த கார்கள் மட்டுமே கார்கள். ஓடிக் களைத்த அல்டோவும் வாங்கிய விலைக்கு மேலே போனது. காரணம் அதுவே: வீட்டில் இருந்த பொருள்களுள் விலை ஏறியது நகையும் காரும். நகையை வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாம். காரை முற்றத்தில்தான் வைக்க வேண்டும். களம், அந்த முற்றம். உவர்மலையானாலும் அலஸ்தோட்டமானாலும் உப்புவெளியானாலும் முற்றத்தில் கடற்காற்று உண்டு.

நூற்பா 1

அலசா தொழியினும் அழுக்கறும் என்ப
வாளி ஒன்றொடு வண்டி உடையோர்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், கழுவியபின் அலசாத கழுவலின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று.

இதன் பொருள்: ஏழரை லீற்றர் தண்ணீர் கொண்ட வாளியில் 30 மில்லிலீற்றர் திரவம் விட்டு, துணியை அதில் ஊறவைத்து, காரின் உடலைக் கதவு கதவாகத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது, அதன்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்று சொல்வர், ஒரு வாளியும் ஒரு வண்டியும் உடையவர் என்றவாறு.

'என்ப' என்றதனால், கறுப்புக் காரில் கீறல் விழுந்தால் ஆசிரியர் பொறுப்பல்லர் என்பது பெற்றாம். 'வாளி ஒன்றொடு' என்றதனால், சவர்க்கார நீருக்கு ஒன்று, துணி அலச ஒன்று என இரு வாளி வைப்பாரை விலக்கினார். 'வண்டி உடையோர்' என்றதனால், வண்டி இல்லாமலே இதைப் பற்றி அறிவுரை சொல்வோரை விலக்கினார். அவர் தொகை பெரிது.

குழாய் பிடித்துக் கழுவினால் நூறு லீற்றர் தாண்டி ஓடும் வேலையை ஏழரை லீற்றரில் முடிப்பதே இம்முறையின் பெருமை. போத்தலிலிருந்து நேரே தெளித்துத் துடைக்கும் 'தண்ணீரில்லாக் கழுவல்' வேறு சாதி. அது மெல்லிய தூசிக்கு மட்டும் உரியது. கடையில் இரண்டும் ஒரே தட்டில் நிற்பதால் ஒன்றென மயங்கற்க.

இம்முறைக்குத் திருகோணமலையில் பொற்காலம் 2022 என்பது எம் துணிபு. சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்த் தாங்கிகளுள் பெரும்பாலானவை காட்டு மரங்களுக்கிடையே நின்றன. (1942 ஏப்ரல் 9 ஜப்பானிய வான் தாக்குதலில் எரிந்த தாங்கி இக்கணக்கில் சேராது.) அந்தத் தாங்கிகளின் ஊரிலேயே கார்கள் எரிபொருளுக்காக வரிசையில் நின்றன. ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூ.ஆர். முறை வரும்வரை வரிசையில் நின்றவர்க்கு நேரம் மிகுதி, தண்ணீர் குறைவு, துணி ஒன்று. குடித்து மிஞ்சிய போத்தல் தண்ணீரைத் துணியில் விட்டுப் பொனற்றைத் துடைத்தவர், தாம் ஒரு நெறியைத் தொடக்கிவைக்கிறோம் என்று அறிந்திலர். ஆக, நெறி முந்திற்று. அதற்கான திரவம் ஊருக்குப் பிந்தி வந்தது.

பரபக்கம்

சித்தாந்த நூல்கள் தம் கொள்கையை நிறுவுமுன் பிறர் கொள்கையைச் சொல்லி மறுக்கும். அப்பகுதிக்குப் பரபக்கம் என்று பெயர். நம் மாவட்டத்தில் மறுக்கத்தக்கார் ஐவகையினர்.

முதலாமவர் குழாய்வாதி. "என்ன தம்பி, கழுவிப்போட்டுத் தண்ணி ஊத்தாம விடுறீர்? அது கழுவினதா?" என்பது இவர் வினா. குழாயில் தண்ணீர் வரும் நேரமும் இவர் வீட்டில் நிற்கும் நேரமும் ஒன்றாக வாய்ப்பது அரிது. வாய்த்தாலும், கந்தளாயிலிருந்து குழாய்வழி வந்து சேரும் குடிநீரைக் காரின் தலையில் ஊற்றுவதை இவர் வீட்டம்மா ஒப்புவதில்லை. கொள்கை அளவில் மட்டும் வாழும் கட்சி ஆதலின் இதற்கு விரிவான மறுப்பு வேண்டா.

இரண்டாமவர் சேர்விஸ்வாதி. "ஒரு பொடி வொஷ் அடிச்சா முடிஞ்சுது" என்பார். அடிக்கும் தண்ணீரில் குற்றமில்லை. குற்றம் அதற்குப் பின் துடைக்கும் துணியில். காலையில் மணல் லொறியைத் துடைத்த துணிக்கு மாலையில் இவர் காரைக் கண்டால் வேற்றுமை தெரியாது.

மூன்றாமவர் மழைவாதி. ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்றோடு வரும் மழை எல்லாவற்றையும் கழுவும் என்பது இவர் நம்பிக்கை. மெய்தான், இந்த மாவட்டத்து மழையின் பெரும்பகுதி ஆண்டின் கடைசி மாதங்களை ஒட்டியே பெய்கிறது. ஆனால் வைகாசிக்குப் பிறகு வரும் கச்சான் காற்று, மேற்கிலிருந்து வரண்ட தரையின் புழுதியை எல்லாம் திரட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வீசுகிறது. மேலும் மழை நனைக்கும், துடைக்காது. துடையாத நீர் வெயிலில் உலர்ந்து பொட்டுப் பொட்டாகத் தழும்பு வைக்கும்.

நான்காமவர் துணிவாதி. பஸ் நிலையத்தடியில் முதல் பயணிக்குக் காத்திருக்கும் ஓட்டோக்கார அண்ணர் இவர். பழைய சாரத்தின் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து, நாளும் வண்டியைத் துடைப்பவர். அலசுவதே இல்லை. சைவர் தமக்கு நெருங்கிய கொள்கையினரை அகச்சமயத்தார் என்பர்; இவர் நமக்கு அகச்சமயத்தார். குறை ஒன்றே: துணிக்கும் பெயின்றுக்கும் நடுவே சிக்கிய மணலை வழுக்கவிட இவரிடம் ஒன்றுமில்லை. காலை வெயில் சரிந்து விழும்போது இவர் வண்டியின் பக்கத்தில் வட்டம் வட்டமாகத் தெரியும் கீறல்களே இக்கொள்கைக்கு மறுப்பு.

ஐந்தாவது கட்சி வாயைத் திறப்பது வாதாட அன்று. பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் அவை. நகருக்குள்ளும் இறங்கி உலாவும். மானுக்கு உப்பின்மேல் ஆசை உண்டு. கோணேசரைக் கும்பிடப் போனவரின் காரை ஒரு மான் நக்கும் எனக் கொண்டால், அது உப்பை நீக்கி, பின் அலசாமல் விடும் கழுவலே ஆகும். திரவம், வாளி, துணி மூன்றும் வேண்டா. ஆயினும் மான் தன் நாவைப் பக்கத்துக்குப் பக்கம் மடித்து மாற்றுவதில்லை. நான்காம் நூற்பாவோடு மாறுபடுதலின் இதுவும் கொள்ளப்படாது.

நூற்பா 2

உப்பே மணலே எச்சம் என்றாங்கு
முப்பாற் படுமே முதுதுறை அழுக்கே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், அழுக்கின் வகை உணர்த்துதல் நுதலிற்று. திரவத்தைத் தேர்வோர் முதலில் அழுக்கைத் தேர்தல் வேண்டும் என்பது கருத்து. உயிரைப் பற்றிய மலம் ஆணவம், கன்மம், மாயை என மூன்றாதல் போலத் துறைமுகத்துக் காரைப் பற்றிய மலமும் மூன்றே.

உப்பு, ஆணவம். அது அநாதி. காரை நீங்கள் எடுக்கவில்லை, எங்கும் போகவில்லை, மூடி வைத்தீர்கள். ஆயினும் காலையில் கண்ணாடியில் அது இருக்கும். இதன் குணம் வியப்பானது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானே நீரை இழுத்துக் கரையும். கடலோர இரவில் இந்த அளவு எளிதில் தாண்டும். ஆகவே உப்பு இரவில் நீராகவும் நண்பகலில் பளிங்காகவும் நாள்தோறும் இருபிறப்பு எடுக்கிறது. மோஸ் கடின அளவுகோலில் உப்புக்கு 2.5, மனித நகத்துக்கும் ஏறத்தாழ அவ்வளவே. எனவே உப்பு கீறுவதில்லை. அரிப்பதே அதன் தொழில், அதுவும் பெயின்று உதிர்ந்த இரும்பில்.

அலசாவிட்டால் உப்பு காரிலேயே நிற்காதா என்பார்க்கு விடை. ஒரு கார் முழுவதிலும் 20 கிராம் உப்பு படிந்திருப்பதாகத் தாராளமாகக் கொள்வோம். அத்தனையும் ஏழரை லீற்றர் வாளிக்குள் வந்தாலும் லீற்றருக்கு 2.7 கிராம் ஆகும். கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம். வாளியின் உவர்ப்பு கடலின் பதின்மூன்றில் ஒரு பங்கு. அதிலும் துணி ஒற்றி எடுத்தபின் மிஞ்சுவது ஒரு மெல்லிய ஈரம் மட்டுமே. ஐயம் தீராதார் பாதி வேலையில் தண்ணீரை மாற்றுக. பதினைந்து லீற்றரும் குழாய்க்கு முன் சிறுதொகையே.

மணல், கன்மம். அவரவர் போன போக்கால் ஈட்டியது. நிலாவெளிக் கடற்கரைக்குப் போனவர்க்கு நிலாவெளி மணல். கிரவல் ஒழுங்கைக்குப் போனவர்க்குச் செம்புழுதி. வடக்கே புல்மோட்டைக் கரையின் கறுத்த மணலில் இல்மனைற், ரூட்டைல், சிர்க்கோன் என்னும் கனிமங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்கிறார்கள். கத்தி இரும்பின் கடினம் 5.5 அளவு, பொதுமணலாகிய குவார்ட்சுக்கு 7, சிர்க்கோனுக்கு 7.5. ஒரு துகள் மணல் என்று பெயர் பெறவே 62.5 மைக்ரோன் பருமன் வேண்டும். காரின் பெயின்றுக்கு மேலுள்ள தெளிபூச்சோ பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன்தான். காக்கும் பூச்சைவிட அழிக்கும் மணி பெரிது. அலசாக் கழுவலின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

எச்சம், மாயை. வந்தபோது ஒன்றாகவும் நின்றபோது வேறாகவும் தோன்றுதலின். காகத்தின் எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் விரிந்த பூச்சு இரவில் சுருங்கும்போது, மேலே இறுகிய எச்சத்தின் வடிவத்தையே தன்மேல் பதித்துக்கொள்ளும். சீனக்குடாப் பக்கம் மா ஆலையும் சீமெந்து ஆலையும் உண்டு. மூடை ஏற்றிய லொறிக்குப் பின்னால் வந்தவர்க்கு வெண்டூசி கிடைக்கும். அது மாவா சீமெந்தா என்பது கண்ணுக்குத் தெரியாது. இரவுப் பனி பட்டதும் தெரியும். மா பசையாகும், சீமெந்து கல்லாகும்.

நூற்பா 3

மணலைப் போர்த்து வழுக்கச் செய்வது
நுணங்கு நுரையினும் நோக்கின் நன்றே.

இச்சூத்திரம், திரவத்தின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. நுரை மிகுந்தால் சுத்தம் மிகும் என்பது ஆடை வெளுக்கும் சவர்க்காரத்தால் நமக்கு வந்த மயக்கம். அலசாத திரவத்தில் நுரை அரிது. வாளியைக் கண்டோர் வெறுந்தண்ணீர் என்றே எண்ணுவர். அதிலுள்ள பொலிமர்கள் துகளைச் சுற்றிப் போர்த்து, அதற்கும் பூச்சுக்கும் நடுவே வழுக்கலை இடுகின்றன. துகள் துணியின் மயிரிடைக்குள் ஏறிவிடும். மணலோடு போர் செய்யாமல் அதற்கு வாகனம் கொடுத்து அனுப்பும் முறை இது.

திரவங்கள் மூவகை. ஒன்று, பொலிமரையே நம்புவது. அமெரிக்காவின் ஒப்டிமம் நோ ரின்ஸ் என்னும் நீலத் திரவம் இவ்வகைக்குத் தொல்காப்பியம். பின்வந்தோர் அதனைத் தழுவியோ மறுத்தோதான் செய்தனர். 256 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு என்பது அதன் கழுவல் வாய்பாடு. இரண்டு, கார்னோபா மெழுகு கலந்தது. கழுவும்போதே பளபளப்பும் தருவதாகச் சொல்வது. கார்னோபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் எடுப்பது. பனை நிற்கும் ஊருக்கு வேறொரு பனையின் மெழுகு கப்பலேறி வருகிறது. மூன்று, கழுவும் பொருளை மிகுதியாகச் சேர்த்தது. எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்லது, ஆனால் நன்றாகத் துடைக்காவிட்டால் கோடு விடும்.

பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டால் காணாதா என்பாரும் உளர். காணாது. அது பிசுக்கைப் பிடிக்கும், மணலைப் போர்க்காது. தானே காரில் தங்கிவிடும் ஆதலின் அதை அகற்ற அலச வேண்டும். அலசாக் கழுவலில் அலச வேண்டிய பொருளை இடுதல் தன்கோள் மாறுபாடு.

தேர்வுக்கு மூன்று சோதனைகள். முதலாவது விலைச் சோதனை. போத்தலின் விலையைப் பாராது வாளியின் விலையைப் பார்க்க. 946 மில்லிலீற்றர் போத்தல், வாளிக்கு 30 விட்டால் 31 கழுவலுக்கு வரும். வாரம் ஒருமுறை கழுவுவார்க்கு ஏழு மாதம். மலிவான போத்தல் வாளிக்கு 100 கேட்டால் அது மலிவன்று. இரண்டாவது விரற் சோதனை. கலந்த நீரை இரு விரலிடை தேய்த்தால் வெறுந்தண்ணீரினும் வழுக்க வேண்டும். மூன்றாவது கண்ணாடிச் சோதனை. உங்கள் வீட்டுத் தண்ணீரில் கலந்து, ஒரு கண்ணாடித் துண்டில் துளிவிட்டு உலரவைத்துப் பார்க்க. வெண்பொட்டு மிஞ்சினால் திரவத்தைப் பழிக்குமுன் கிணற்றைப் பார்க்க. வரண்ட வலயத்துக் கிணற்று நீரில் கல்சியம் மிகுதி. அப்போது ஏ.சி. குழாயில் சொட்டும் நீரை வாளியில் பிடித்துக்கொள்ளலாம். அதில் கனிமம் இல்லை என்றே சொல்லலாம். நூறு லீற்றர் வேண்டியவர்க்கு இவ்வழி அடைபட்டது. ஏழரை லீற்றர்க்காரர்க்குத் திறந்தது.

நூற்பா 4

துணியும் நிழலும் துணையென நின்றாற்
பணியும் எப்போத் தலுக்கும் அழுக்கே.

இரண்டாம் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் இடையே போத்தல் உடைந்தது யாப்பின் பொருட்டு. உள்ளிருந்த பொருள் சிந்தவில்லை. இதுவே இந்நூலின் தலைச்சூத்திரம். நல்ல துணியும் நிழலும் அமைந்தால், மேற்கூறிய மூன்று சோதனையிலும் தேறிய எந்தப் போத்தலுக்கும் அழுக்குப் பணியும் என்றவாறு.

துணி என்றது மைக்ரோபைபர் துணியை. இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் ஒரு துடைப்பு. நேர்கோட்டில், மேலிருந்து கீழே. அழுக்குண்ட முகம் மறுபடி காரைத் தொடலாகாது, அழுக்குண்ட துணி வாளிக்குத் திரும்பலாகாது. நிலத்தில் விழுந்த துணி அன்றைக்கு மணல் கட்சியில் சேர்ந்துவிட்டது எனக் கொள்க.

நிழல் என்றது மர நிழலை அன்று. மரத்தில் காகம் உண்டு. சுவரின் நிழலும் விடியலுமே பொருள். சூடேறிய பொனற்றில் திரவம் துடைக்குமுன் காய்ந்துவிடும். விடியலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: இரவு ஈரத்தில் கரைந்த உப்பு அப்போது இன்னும் பளிங்காகவில்லை.

அப்படியாயின் ஆடவர் ஏன் போத்தல் தேர்வதிலேயே மாதங்களைக் கழிக்கின்றனர் எனின், தேர்வு நடக்கும்வரை கழுவ வேண்டியதில்லை என்பதனால். நீலமா பச்சையா, மெழுகு உண்டா இல்லையா, கொழும்பிலிருந்து எடுப்பிப்பதா டுபாயிலிருந்து வரும் மச்சானிடம் சொல்வதா என்று அவர் ஆராயும் நாளெல்லாம் கார் முற்றத்தில் உப்புக் குளிக்கிறது. மச்சான் போத்தலோடு வந்து இறங்கும்போது கண்ணாடித் தூசியில் பிள்ளைகள் பெயர் எழுதியிருப்பார்கள். தேர்தல், கழுவாமையின் மிக நாகரிகமான வடிவம்.

நூற்பா 5: புறனடை

சேறும் அடியும் செறிந்த மணலும்
வேறொரு நீரான் விலக்குதல் கடனே.

இலக்கண நூல் புறனடையோடு முடியும். மேற்சொன்ன விதி செல்லாத இடங்களை இது உணர்த்திற்று. மாரிகாலத்தில் மூதூர்ப் பக்கமோ ஈச்சிலம்பற்றுப் பக்கமோ போய்ச் சேறு பூசி வந்த காரை அலசாமல் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பு. முதலில் குழாய் நீரால் சேற்றை இறக்குக. கடற்கரை மணலில் இறக்கிய காருக்கும் அவ்வாறே. காரின் அடிப்பக்கத்துக்கு வாளியும் துணியும் எட்டா. உப்பு உண்மையில் இரும்பைத் தின்னும் இடமும் அதுவே. அவ்விடத்தில் மட்டும் சேர்விஸ்வாதியின் அழுத்த நீரை ஒப்புக்கொள்கிறோம். மறுத்த கட்சியிடம் கடன் வாங்குதல் சாத்திரத்தில் புதிதன்று.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்குமுன் அந்தத் துறையைப் 'பாதை' என்னும் மிதவையில் ஏற்றிக் கடந்த வாகனங்களுக்கு அடிப்பக்க உப்பு வேறு கணக்கு. பாலம் வந்தபின் அக்கணக்குக் குறைந்தது. கடற்காற்றுக்குப் பாலம் கட்டி முடியாது ஆதலின் மிச்சம் நின்றது. இறுகிய சீமெந்துப் புள்ளிக்குத் திரவம் பயனில்லை: சீமெந்து காரம், தென்னம் வினாகிரி அமிலம், தண்ணீரில் கலந்து ஒற்றி, இளகியபின் துடைத்துக் கழுவிவிடுக. காக எச்சத்தைச் சுரண்டற்க. திரவத்தில் ஊறிய துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டுவைத்தால் அது தானே இளகும்.

நூற்பயன்

இதனைக் கசடறக் கற்றோர், வாளிக்கு 30 விடும் இடத்தில் 60 விட்டால் இருமடங்கு சுத்தம் வரும் என்னும் மயக்கம் நீங்குவர். கடையில் இருக்கும் போத்தலை வெள்ளிக்கிழமை வாங்கிச் சனி விடியலில் கழுவி முடிப்பர். அயலவர் முதல் வாரம் சிரிப்பர், இரண்டாம் வாரம் போத்தலின் பெயர் கேட்பர், மூன்றாம் வாரம், "தம்பி, அதில கொஞ்சம் மிச்சம் கிடக்குமோ?" என்று சின்னக் கிண்ணத்தோடு வருவர். அன்றைக்கு அவர் கையில் இந்நூலைக் கொடுத்துப் போத்தலைக் காத்துக்கொள்ளுதல் இதன் தலையாய பயன் எனக் கொள்க.